புடுங்கியாச்சு, மச்சான்

மச்சான்,

இன்று காலை சர்வர் அறையில் தூசி துடைத்தபோது, இரண்டாவது ஃபயர்வால் பெட்டியில் நீ வைத்த சந்தனப் பொட்டு கண்ணில் பட்டது. காய்ந்து வெடித்திருந்தது. அழிக்க மனம் வரவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த ஆயுத பூஜையை மறப்பேனா? நம் கடலூர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்குக்கு நாம் இருவர்தான். எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கிறார்களே என்று நீயும் பெட்டிகளைத் துடைக்கக் கிளம்பினாய். வெளியிலிருந்து வருவதையெல்லாம் சோதித்து உள்ளே விடுவது முதல் பெட்டி. அது படுத்தால் எழுந்துகொள்ளக் காத்திருப்பது இரண்டாவது. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நொடிக்கு நொடி அது இதற்குச் சொல்வது நடுவில் ஓடும் குட்டிக் கேபிளில்தான். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையே கழற்றிவிட்டுத் துடைத்தாய், புண்ணியவானே! முதலாவது செத்துவிட்டதென்று நினைத்து இரண்டாவதும் பொறுப்பேற்க, இரண்டும் ஒரே விலாசத்துக்குச் சண்டை போட, சிதம்பரம் கிளையின் இணைப்பு தள்ளாடியது.

“ஒரே வூட்ல ரெண்டு மாமியாரு ஆயிடுச்சு மச்சான். கேபிள மாட்டு, ஒருத்தி அடங்கிடுவா” என்று சிரித்தாய். மறுநாளே துணைக்கு இன்னொரு கேபிளும் போட்டோம்.

மாதம் ஒருமுறை, பட்டப்பகலில், ஓடுகிற பெட்டியின் பவரை நீயே பிடுங்குவாய். நான் வெளியே போய் நின்றுகொள்வேன். “புடுங்கிப் பாக்காத ஸ்பேரு ஸ்பேரே இல்ல” என்பாய். மாரடைப்பில் நீ போன பிறகு நான்கு மாதம் அதைத் தள்ளிப்போட்டேன். சிதம்பரத்தில் எடுக்கும் ஸ்கேன் படம் இங்கே வந்தால்தான் டாக்டர் பார்த்துச் சொல்ல முடியும். என் கையால் அது நின்றுபோனால்? நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்றது சரிதான்.

இன்று பிடுங்கினேன். சிதம்பரத்தில் ஸ்கேன் எடுக்கும் அக்காவிடம் பவரைப் பிடுங்கப்போவதைப் போனில் சொல்லி, பழைய படம் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னேன். அது பாதி வந்துகொண்டிருக்கும்போதே பவரை உருவினேன். முதல் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. அதுவரை நடந்ததையெல்லாம் அது இரண்டாவதிடம் சொல்லிவைத்திருந்ததால், விட்ட இடத்திலிருந்தே வேலை தொடர்ந்தது. படம் முழுதாக வந்து சேர்ந்தது.

“படம் போயிடுச்சு சார். நீங்க எப்ப புடுங்கப் போறீங்க? நான் லைன்லயே இருக்கேன்” என்றார் அக்கா.

“புடுங்கியாச்சுக்கா” என்றேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீ இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதமும் இந்தப் பயந்தாங்கொள்ளியின் கைதான் பிடுங்கும், மச்சான்.