மலையைப் பாரு மாப்ள, நான் ஒரு கம்பு ஒடிச்சுக்கிடுதேன்

என் அருமை மாப்ள மீரானுக்கு,

மேலகரத்துல இருந்து உன் மாமன் சுடலைமுத்து எழுதுதேன். மாமன்னு போட்டதும் உனக்கு மூக்கு சிவந்திருக்கும். சிவக்கட்டும். உசுரோட இருந்தவரைக்கும் நீ என்னைய மாப்ளன்னே, நான் உன்னைய மாப்ளன்னேன். ரெண்டு பேருல யாரு மாமன், யாரு மாப்ளைன்னு இந்த ஊருல ஒருத்தராலயும் தீத்து வைக்க முடியல. இப்பம் நீ திருப்பிப் பேச முடியாத எடத்துல இருக்கே. அதனால இந்தக் கடுதாசியில நான்தான் மாமன்.

எங்க ஆளுகன்னா வருச நினைவுக்கு படம் போட்டு போஸ்டர் ஒட்டிருவோம். உனக்கு அதெல்லாம் ஆவாது. அதான் எழுதுதேன். ஆறாங்கிளாஸோட நின்ன கை, எழுத்து கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். படிக்கிறவங்க பொறுத்துக்கிடணும். நீ ஒண்ணும் சொல்லப்பிடாது, நீ அஞ்சாங்கிளாஸ்.

நீ போயி ரெண்டாவது சாரல் வந்துட்டு மாப்ள. அருவியில நல்ல தண்ணி. காத்தும் சாரலுமா ஊரே ஈரச்சாக்கு மாரி கெடக்கு. துவைச்ச வேட்டி காயவே மாட்டேங்கு. கம்பு நடுததுக்கு இதைவிட நல்ல காலம் உண்டா? போத்து ஒண்ணை ஒடிச்சு மண்ணுல குத்துனா சாரலே தண்ணி ஊத்திரும்னு நீதான சொல்லுவே?

படிக்கிறவங்களுக்கு நம்ம திருட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லிருதேன், கோவப்படாத.

செடிக்குக் கம்பு கேட்டு வாங்கி வச்சா புடிக்காது. உடையவங்க பாக்காதப்ப ஒடிச்சுக்கிட்டு வந்து வச்சாத்தான் வேரு விடும். வாங்குனவங்க நன்றின்னு வாயால சொல்லவும் கூடாது. எங்கம்மா காலத்துல இருந்தே இங்கன இப்படித்தான். இந்த மீரான் சவுதியில தம்மாம்ல இருந்து நிரந்தரமா ஊருக்கு வந்த புதுசுல, இவன் வீட்டுச் சுவத்தோரம் நின்ன செம்பருத்தியில நான் கையை வச்சுட்டேன். கையும் கம்புமா புடிச்சுட்டான்.

"ஏலே, கேட்டா தந்திருப்பம்லா? எதுக்குத் திருடுதே?"

"கேட்டா புடிக்காது மாப்ள."

"திருடுதது எங்கள்ல ஹராம்லே. எங்க வீட்டுல வச்சு அந்தப் பாவத்தைப் பண்ணாத."

"அப்பம் எனக்குச் செம்பருத்தி?"

இவன் தாடியைத் தடவுனான். பெறவு பைய மேக்க திரும்பி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, "மலையில மழை இறங்குதான்னு பாக்கேன்"ன்னான். அம்புட்டுதான். நான் டக்குன்னு ஒடிச்சுட்டேன். தந்தவனுக்குச் சம்மதம், செடிக்குத் திருட்டு. ரெண்டு பேரு வேதமும் தப்பிச்சுக்கிட்டு.

அன்னையில இருந்து நம்ம ரெண்டு வீட்டுத் தோட்டமும் இப்படித்தான வளந்துச்சு? உன் வீட்டு நந்தியாவட்டை என் வீட்டுல. என் வீட்டு முருங்கை உன் வீட்டுல. நீ கத்தியைத் தூக்கிட்டு வந்தா நான் மலையைப் பாப்பேன். மலையில அப்பம் ஒரு பொட்டு மேகம் இருக்காது, பங்குனி வெயில் கொளுத்தும். "இறங்குதா?"ன்னு நீ கேப்பே. "ஊத்துது"ம்பேன் நான்.

உன் மருதாணி மட்டும்தான் எனக்கு வரவே இல்ல. எத்தனை தடவை ஒடிச்சேன்! ஏன் வரலைன்னு உனக்குத் தெரியும். நட்ட கம்பை வேரு விட்டுட்டான்னு புடுங்கிப் பாக்குத புத்தி எனக்கு. பாத்துட்டுத் திரும்பக் குத்தி வைப்பேன். மறுநாளும் கை அரிக்கும். "தொட்டில்ல தூங்குத புள்ளையை எழுப்பி, தூங்கிட்டியான்னு கேக்குத பய நீ"ன்னு சொல்லுவே. சொல்லு, சொல்லு. நீ சொன்னது எல்லாமே சரிதான்னு இப்பம் சொல்லுததுக்கு நான் ஒண்ணும் இளிச்சவாயன் இல்ல.

சரி, விசயத்துக்கு வாரேன்.

நீ போன பெறவு, உன் மவன் லீவுல வந்து வீட்டு முன்னால முத்தம் பூராவும் கல்லுப் பாவிட்டான். கார் நிறுத்தணும்லா. நான் அன்னைக்கு ஆலங்குளத்துல ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா முத்தம் பளபளன்னு இருக்கு, மருதாணி நின்ன எடத்துல டயர் தடம். உன் மவனைக் கோவிக்காத மாப்ள. நல்ல பய. அவனுக்கு அது சட்டையைக் கிழிக்கிற ஒரு முள்ளுச்செடி. அவன் தம்மாம்ல இருக்கையில நீ அதுகூட உக்காந்து பேசிக்கிட்டு இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நாள்ல உன் பேத்தி ஜமீலா வந்தா. கடையநல்லூர்ல மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு, அடுத்த வைகாசியில கல்யாணம்னு சொன்னா. முகத்துல சிரிப்பே இல்ல.

"என்னட்டி, மாப்பிள்ளை புடிக்கலியா?"

"மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு தாத்தா. கையில வைக்கத்தான் ஒண்ணும் இல்ல. என் கல்யாணத்துக்கு நம்ம வீட்டு மருதாணிதான் வைக்கணும்னு எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாங்கள்லா? மெஹந்தி கோன் வைக்கிற அக்கா முழங்கை வரைக்கும் டிசைன் போட்டுக்கிடட்டும். உள்ளங்கையில ஒரு வட்டம் மட்டும் அந்த இலையை அரைச்சு வச்சாப் போதும் எனக்கு." சொல்லிட்டு என்னையவே பாக்கா. "உங்க வீட்டுல இருக்குல்லா? நீங்கதான் எங்க வீட்டுல எல்லாத்தையும் திருடியிருக்கீங்களே!"

உன் கண்ணு அப்படியே அவளுக்கு. நான் என்ன செய்ய? "இருக்கு இருக்கு, பின்னால நிக்கி"ன்னுட்டேன். அவ துள்ளிக்கிட்டுப் போயிட்டா. என் வீட்டுக்காரி பேச்சியம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா.

"பின்னால என்ன நிக்கி?"

"துணி காயப்போடுத கம்பி நிக்கி"ன்னேன்.

"செத்தவர் பேத்திக்கிட்டயுமா பொய்யி?"ன்னு ஆரம்பிச்சா பாரு, ராத்திரி சோறு எறங்குத வரைக்கும் ஓயல.

அப்பம்தான் உன் இன்னொரு திருடன் ஞாபகம் வந்துச்சு. குற்றாலத்துல எண்ணெய் தேய்க்கிற சண்முகம். நாள் பூராவும் எண்ணெய்லயும் தண்ணியிலயும் நின்னு கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணா வந்தான்லா, மருதாணி அரைச்சுப் போட்டா ஆறும்னு நீ சொன்னே. அவன் கம்பு ஒடிக்கையில நீயும் நானும் ரெண்டு பேருமா நின்னு மலையைப் பாத்தோம். அவன் அதை வேலை பாக்குத லாட்ஜுக்குப் பின்னால, எண்ணெய் தேய்க்கிற பெஞ்சுக்குப் பக்கத்துல வச்சிருந்தான்.

குடையை எடுத்துக்கிட்டுப் போனேன். நல்ல சீசன் கூட்டம். வெளியூர்க்காரங்க வரிசையா துண்டைக் கட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்காங்க, மேலெல்லாம் எண்ணெய் வழியுது. சண்முகம் ஒரு தொப்பைக்காரர் முதுவுல தாளம் போட்டுக்கிட்டு நிக்கான்.

"ஏலே சண்முகம், நீ மீரான் வீட்டுல திருடுனியே, அது உசுரோட இருக்கா?"

தொப்பைக்காரர் டக்குன்னு திரும்பிப் பாத்து, பெஞ்சுல வச்சிருந்த பர்ஸை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"அண்ணாச்சி, யாவாரத்தைக் கெடுக்காதீங்க!" சண்முகம் பதறிட்டான். "மருதாணி சார், மருதாணியைச் சொல்லுதாரு." பெறவு என்கிட்ட, "ஆளு ஒசரத்துக்கு நிக்கி அண்ணாச்சி. இருங்க, நானே பத்துக் கம்பு வெட்டித் தாரேன்"ன்னு கத்தியைத் தேடுதான்.

"தந்திராதலே! பாவி, தந்தா புடிக்காதே!"

"அட ஆமா. அப்பம்?"

"திரும்பிக்கோ."

எண்ணெய்க் கையோட மலைப்பக்கம் திரும்பிட்டான். தொப்பைக்காரர் என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு. "சார், நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கிடுங்க, கல்யாண சோலி"ன்னேன். அவரு திரும்புனாரு. பக்கத்துல இருந்தவரு எதுக்குன்னே தெரியாம திரும்புனாரு. பெஞ்சு பூராவும் மலையைப் பாத்துட்டு மாப்ள! எண்ணெய் வழியுத முதுவு ஒரு வரிசை, அதுக்கு மேல சாரல். "என்ன சார் தெரியுது அங்க?"ன்னு ஒருத்தரு கேக்காரு. "மழை இறங்குது"ன்னு சண்முகம் சொல்லுதான். நீ மட்டும் அங்கன இருந்திருந்தா சிரிச்சே இன்னொரு தடவை செத்துருப்பே.

பென்சில் கனத்துல முத்துன கம்பா ஒரு கை ஒடிச்சேன். கெளம்பையில தேங்க்ஸ்னு நாக்கு நுனிக்கு வந்துட்டு. கடிச்சு முழுங்கிட்டேன்.

நீ சொல்லுத மாரியே, அடியைச் சரிச்சு வெட்டி, மணலும் செம்மண்ணும் கலந்து, பால் கவர்ல ஒண்ணு ஒண்ணா குத்துனேன். குத்தி நிமிந்தா பேச்சியம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கா.

"உங்க கைக்கு எட்டுத எடத்துல இது இருந்தா வைகாசிக்கு விறகுதான் இருக்கும்." சொல்லிட்டு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி, மொட்டைமாடியில தண்ணித் தொட்டி நிழல்ல வச்சுட்டா. ஏணியில ஏறித்தான் போவணும். என் முட்டி சங்கதி உனக்குத் தெரியும். கீழ நின்னு அண்ணாந்து பாக்குததுதான் என் பாடு.

"ஏட்டி, துளிர் வந்துட்டா?"

"வந்தா தந்தி அடிக்கேன்."

ஒருநாள் மேல இருந்து சத்தம் குடுத்தா, எல்லாத்துலயும் துளிர்னு. ஜமீலாவைக் கூப்பிட்டு வெல்லம் குடுத்துட்டேன், எதுக்குன்னு சொல்லாம. நீ இருந்தா அப்பமே சொல்லியிருப்பே, கம்புக்குள்ள கெடக்க சத்துல இலை வரும்லே, அதை நம்பாதேன்னு. அடுத்த வாரமே ஒண்ணொண்ணா கருகுது. பேச்சி ஒவ்வொரு கவரா எடுத்துட்டு வந்து குப்பையில தட்டுதா. கடைசியில ஒத்தைக் கவரு நிக்கி. அந்தப் புள்ளை மொகத்துல எப்படி முழிப்பேன்? லீவு முடிஞ்சு தம்மாம் போன உன் மவனுக்கு போனைப் போட்டு, ஏம்லே கல்லுப் பாவுனேன்னு கேட்டுருவமான்னுகூட இருந்துச்சு. கேக்கல.

ஏணியில ஏறிப் புடுங்கிப் பாத்துரணும்னு ஒரு ஆத்திரம் வந்துச்சு பாரு, முட்டியாவது மண்ணாவதுன்னு ரெண்டு படி ஏறிட்டேன். பேச்சி பாத்துட்டா. திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. "எறங்குங்க"ன்னு சொல்லிட்டு அவ ஏறுனா. அந்தக் கவரை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்து, என் மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டுனா. கவருக்கு அடியில தண்ணி வடிய நான் போட்ட ஓட்டை வழியா வெள்ளையா ஒரு நூலு தொங்குது.

"பாத்துக்கிடுங்க. புடுங்காமலே வேரு தெரியும்."

நான் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னேன் மாப்ள. உன் வீட்டு முத்தத்துல கல்லுக்கு அடியில போனது, என் மூக்குக்கு முன்னால வேரு விட்டுட்டு தொங்குது.

பெறவு என்ன, வீட்டுக்குப் பின்னால மண்ணுல நட்டோம், தையில இடுப்பு ஒசரம். வைகாசியில உன் வீட்டுப் பொம்பளைகள் சுளகோட வந்து இலையை உருவிக்கிட்டுப் போனாங்க. எலுமிச்சம்பழச் சாறும் கொட்டைப்பாக்கும் போட்டு அரைச்சாங்க. கோன் டிசைனுக்கு நடுவுல உள்ளங்கையில ஒரு வட்டம். மறுநாள் ஜமீலா கையை நீட்டிக் காமிச்சா. மத்ததெல்லாம் வெளிறிக் கெடக்கு, உன் வட்டம் மட்டும் வெத்தலை போட்ட வாய் மாரி செவந்திருக்கு. உன் மவன் அதைப் பாத்துட்டு, "அந்தச் செடியா இது?"ன்னான். போறதுக்கு முன்னால முத்தத்து ஓரத்துல ரெண்டு கல்லைப் பேத்து வச்சுட்டுப் போயிருக்கான், நான் பாத்தேன்.

இப்பம் மொதல்ல சொல்ல வேண்டியதைக் கடைசியில சொல்லுதேன். போன வாரம் ஜமீலா புருசனோட வந்தா. அவரைப் பேச்சிக்கிட்ட சாயா குடிக்க விட்டுட்டு, பின்னால என்கிட்ட வந்தா. செடியைத் தடவுதா, முள்ளைத் தொட்டுப் பாக்கா, ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. பெறவு ஒண்ணும் தெரியாத புள்ளை மாரி சொல்லுதா:

"தாத்தா, மலையில மழை இறங்குதா பாருங்க."

நான் திரும்பிட்டேன் மாப்ள. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். பின்னால டக்குன்னு ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு, அது உங்க வீட்டு முத்தத்து ஓரத்துக்கா இருக்கும். மலையைப் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு நெசமாவே இறங்கிக்கிட்டு இருந்துச்சு.

அங்கன சொர்க்கத்துலயும் தோட்டம் இருக்குமாமே, நீ சொல்லியிருக்கே. கை அரிச்சா ஒடிச்சுக்கிடாத. அங்கன எல்லாத்தையும் பாக்குதவன் இருக்கான், அவன் திரும்பிக்கிட மாட்டான். நான் வாரது வரைக்கும் பொறுத்துக்கோ. கேட்டே வாங்குவோம்.

இங்கன யாரு வந்து அந்தச் செடிகிட்ட நின்னாலும், என் உசுரு இருக்குத வரைக்கும் நான் மலையைப் பாப்பேன். வேரைப் பாக்க மாட்டேன். இது சத்தியம்.

அப்பம் மாமன் விவகாரம். நீ மலையைப் பாத்து நின்ன மாரி, வேரைப் புடுங்கிப் பாக்காம நிக்கதுக்கு எனக்கு இம்புட்டு வயசு ஆயிருக்கு. அதனால இந்த ஒரு தடவை மட்டும், பேச்சிக்குத் தெரியாம, நீயே மாமன்னு விட்டுக்குடுக்கேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள
சுடலைமுத்து