அப்பா சொன்ன ‘போறேன்’

அன்புள்ள கீர்த்திக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நம் ஒற்றை அறையில் போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் மெயில். நாங்கள் நன்றாக இருக்கிறோம், புனே ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா. அப்பா புழல் ஜெயிலிலிருந்து வந்து இன்றோடு நாற்பது நாள். லைட்டை அணைத்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை, உள்ளே விடிய விடிய எரியுமாம். உன் சித்தப்பா இன்னும் வாசல்படி மிதிக்கவில்லை. மாடி வீட்டு ஜைதூன் பீ மட்டும் மறுநாளே வந்து, இன்னா நைனா சும்மா குந்திகினு கீறே, அந்த சிலிண்டரைக் கொஞ்சம் தூக்கிக் குடு என்றார். அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார்.

ரங்கநாதன் தெருவில் நல்லசிவம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக் குடோனில் வேலை கேட்டு வாங்கினேன், இத்தனை நாள் திருப்பூரில் இருந்தார் என்று சொல்லித்தான். முதல் நாளே விளக்கேற்றும் நேரத்தில் அப்பா, போறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஜெயில் வாசலில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாதாம், வார்டர் சொல்லி அனுப்பியது நாக்கில் ஒட்டிக்கொண்டது, வீட்டிலும் அப்படியேதான் சொல்கிறார். வெளக்கு வைக்கிற நேரத்துல போறேங்கான், இனிமே வரவே வேண்டாம் என்று அண்ணாச்சிக்குக் கோபம். சமாதானம் சொல்ல ஓடினேன். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவசரத்தில் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். ஜெயில் என்றதுமே அண்ணாச்சி முகம் மாறிவிட்டது, வேலையும் அத்தோடு போனது. பி.காம் படித்தவளுக்கு இந்தப் புத்தி. தன் வாயால்தான் வேலை போனது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை.

இப்போது தினமும் வருவது சக்திவேல் ஒருவன்தான், திருட்டுச் சரக்கை ஏற்றி அப்பாவை வண்டி ஓட்ட வைத்தானே, அவன். ஹார்ன்கூட அடிப்பதில்லை, தெருமுனையில் பைக் நின்றதுமே அப்பா எழுந்து போகிறார். இன்று பின்னாலேயே போய், அவன் அப்பாவிடம் பேசியதை மறைந்து நின்று கேட்டேன். ஒரே ஒரு நடை மச்சி, சனிக்கிழமை, வேற யாரு உன்ன இட்டுக்கினு போறாங்க சொல்லு என்றான். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து லைசென்ஸை எடுத்துத் துடைத்து வைத்தார்.

கீர்த்தி சாப்ட்டாளாமா என்று தினமும் என்னிடம் கேட்கிறார், உன்னிடம் பேசட்டுமா என்று மட்டும் கேட்பதில்லை. உன் கோபம் எனக்குப் புரிகிறது, மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, அப்பா என்று சொல். நீ கூப்பிட்டாலாவது நிற்பாரா என்று பார்க்கிறேன். நன்றாகப் படி, மழையில் நனையாதே, நீ குறையில்லாமல் இருக்க வேண்டும். படித்ததும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
சந்திரிகா