காம்பில்லாத பூசணிகள்

என் வாயாடிக்கு,

நீ விதைத்துவிட்டுப் போன பூசணிக்கொடி காய்ந்துவிட்டது. நகம் பதியாத அளவுக்குத் தோல் முற்றியதும் காய்களைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, கட்டிலில் நீ படுக்கும் பக்கம் பலகை போட்டு அடுக்கினேன். அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது. சுவரில் ஈரப்பதமானிகூட மாட்டியிருக்கிறேன், சிரிக்காதே.

"குளிர்காலம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போனாய். அதுவரை காய்கள் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் அடுக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று காம்புகளையெல்லாம் ஒட்ட நறுக்கிவிட்டேன்.

அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, எல்லாத்துக்கும் மொட்டை போட்டு வச்சிருக்க? காம்பு போன இடத்துலதான்டா அழுக ஆரம்பிக்கும். அவ வர்ற வரைக்கும் தாங்காது. அக்கம்பக்கத்துல குடுத்துடு."

"ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

"பூசணிக்காய்க்கா இவ்வளவு வீம்பு?"

நான் சரிந்திருந்த ஒரு காயை நேராக வைத்தேன்.

நேற்று ஒன்று குழைய ஆரம்பித்தது. நல்ல பாகத்தை வெட்டிச் சமைத்தேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

குளிர் முடியும்வரை காத்திருக்காதே, இந்த வாரமே வா. காய் வீணாகிவிடும் என்று காரணம் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். எல்லாமே அழுகிப்போனாலும் வா.

உன்,
அவசரக்காரன்