ஜப்பான் பூதமும் நம் ஓடைத் தண்ணீரும்

காலை ஷிப்ட் முடிந்து வந்து, சோறு போட்டுக்கொள்ளவும் தெம்பில்லாமல் டிவியைப் போட்டேன். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை ஜப்பான் படம். கடலிலிருந்து எழுந்த பூதம் ஊரை மிதித்துக்கொண்டு வந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அணைத்துவிடலாம் என்று நினைத்தேன், எழுந்துபோக அலுப்பாக இருந்தது.

ஓசூரில் எங்கள் அறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீதான் அதன் சிடியைக் கொண்டுவந்தாய். நாங்கள் மூன்று பேரும் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீ சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். ரப்பர் உடுப்புக்குள் ஆள் நடப்பது தெரிகிறது என்று நாங்கள் உருண்டு சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

"பூதத்தையே பாக்காதீங்கப்பா. கடல்ல குண்டு வெடிச்சு அத எழுப்பி உட்டது யாருன்னு பாருங்க. மொத சாவறது மீன் புடிக்கப் போனவன். பெரிய மனுசங்க என்னடான்னா, வெளிய சொன்னா ஜனம் பயந்துக்கும்னு மூடி மறைக்கறாங்க."

"படம் பாக்க விடுதியா இல்லையா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

உனக்கு அது வெறும் படமில்லை என்று எனக்கா தெரியாது? நாம் வேலை பார்த்த கம்பெனியின் முலாம் பிரிவில் தொட்டி கழுவிய தண்ணீர், பின்பக்க ஓடையில் இறங்கி உன் நிலத்தின் வழியாகத்தான் போனது. உன் கிணறு மஞ்சளித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட். கழிவுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது என் வேலை. "இந்த ஒரு தபா ஓடைத் தண்ணியவே புடிச்சுக் குடுப்பா. அவங்களே பாத்துக்குவாங்க," என்று கெஞ்சினாய். தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, வழக்கம்போல் கேன்டீன் ஃபில்டரில் பிடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். "ஏன்யா, பிளேட்டிங் கழிவு குடிக்கற மாதிரியா இருக்கும்? லேப்ல சிரிக்கறான்! கொஞ்சமாச்சும் அழுக்கு கலக்கத் தெரியாது?" இந்த முறை வாடிக்கையாளரே தண்ணீரை வெளி லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, வேறு சாம்பிள் கேட்டிருந்தார்கள். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு. நான் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு குவளை ஓடைத் தண்ணீர் கலந்தேன். பாஸாகிவிட்டது.

நீ சண்டைக்கு வரவில்லை. "உனக்கும் குடும்பம் இருக்குதில்ல," என்றாய், அவ்வளவுதான். மாசக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு நிலத்துக்கே போய்விட்டாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உன்னைக் கொண்டுபோனது அந்தத் தண்ணீர் இல்லை. ஹைவேயில் தக்காளிக் கூடையோடு வண்டியைத் திருப்பும்போது லாரி. செய்தி கேட்டதும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லையப்பா. அப்பாடா, நம்மால் இல்லை என்ற நிம்மதிதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கண்டுகொண்டாள்.

"பயப்படாம குடிங்கண்ணா. கெணத்துத் தண்ணி இல்ல, கடையில வாங்கின கேன் தண்ணி. கம்பெனிக்காரங்க வருவீங்கன்னு தனியா வாங்கி வெச்சேன். கெணத்துத் தண்ணி எங்களுக்குத்தான்."

அவள் குத்திக்காட்டவில்லை. விருந்தாளிக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள். நான் அந்தச் சொம்பை முழுக்கக் குடித்தேன். பாட்டில் பிடிக்கிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கும் ஆடிட். கேன்டீன் குழாயைத் திறக்கும்போதெல்லாம் என் காதுக்குள் அவள் "பயப்படாம குடிங்கண்ணா" என்கிறாள். நானும் பிடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.