அம்மா சொன்ன சாட்சி

வல்லம் வடகால்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள லிடியா அக்காவுக்கு,

தம்பி நிர்மல் எழுதுவது. நீயும் மச்சானும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். என் கதையைப் படித்துவிட்டு நீயே சொல்.

போன் பண்ணாமல் மெயில் அடிக்கிறானே என்று பயப்படாதே. நம் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். விஷயமே அம்மாதான்.

நல்ல செய்தி முதலில். கம்பெனி வேன் இரண்டு ஸ்டாப் தள்ளி வரும்போதே பெண்களின் போனுக்கு மெசேஜ் அனுப்புகிற என் சாஃப்ட்வேர் இப்போது நிறைய வேனில் ஓடுகிறது. நீ ஃபேக்டரி லைனில் வேலை பார்த்த காலத்தில் ரோட்டோரம் மழையில் நின்றாயே, அதைப் பார்த்துத்தான் செய்தேன். போஸ்டர் ஒட்டவில்லை. யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. கேண்டீன் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வாள். அவள் தன் டிரைவரைப் போட்டு நச்சரிப்பாள். டிரைவர் எனக்கு போன் அடிப்பார். காலேஜை விட்டவன் வாய்ப்பேச்சிலேயே பிசினஸை வளர்த்துவிட்டான் பார் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கேட்டேன். பின் தெரு சசிரேகா மறைமலை நகரில் வேலைக்குப் போகிறாள். அன்றைக்கு அவள் வேன் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. மற்றவர்கள் குதித்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். இவள் மட்டும் வேனிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தாமதமாகப் போனதும் கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சியில் இருக்கிற பெண். ஒரு நாள்கூட விடாமல் இந்த மாதத்தை முடித்தால்தான் வேலை நிரந்தரம். இப்போது அது தொங்கலில் நிற்கிறது.

சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. அழுதுகொண்டு வந்தாள். “இன்னாண்ணா, உன் மெசேஜைக் காட்டினா லேட்டு போட மாட்டாங்கன்னு சொன்னாங்களே” என்றாள். எந்த லூசு சொன்னது என்று கேட்டேன். “உங்கம்மாதான்” என்றாள்.

போன மாதம் ஜெபக்கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறாள். “கர்த்தர் எம் புள்ளைக்கு ஒரு அறிவு குடுத்தாரு. அவன் மெசேஜைக் காட்டினா வண்டி லேட்டானாலும் எந்தப் பொண்ணுக்கும் லீவு போட மாட்டாங்க, ஸ்தோத்திரம்!” என்றாளாம். எல்லாரும் ஆமென் போட்டிருக்கிறார்கள். சாட்சியைப் போய் யார் சரிபார்ப்பார்கள்? அங்கிருந்து வேன் வேனாகப் பரவி, சர்ச் வாசலே மிதிக்காத சசிரேகா வரைக்கும் போய்விட்டது. என் மெசேஜுக்கு என்று நான் நினைத்த கூட்டத்தில் பாதி, அம்மாவின் வார்த்தைக்கு வந்த கூட்டம்.

ஏம்மா பொய் சொன்னாய் என்று கத்திவிட்டேன். கீரை ஆய்வதை அவள் நிறுத்தவே இல்லை. “பொய்யாடா? அதுக்குத்தான் தெனம் முட்டி போட்டுக்கினு கீறேன். கெடைச்சிடுச்சுன்னு விசுவாசத்துல சொன்னேன். நாளைக்கு ஆவப்போறத இன்னிக்கே சொன்னா தப்பா?” என்றாள். உன் விசா வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று சாட்சி சொன்னவள் அல்லவா? அது வந்துவிட்டது. இதுவும் வரும் என்று இருக்கிறாள்.

இந்த மெசேஜ் கேட்டில் செல்லாது என்று எல்லார் போனுக்கும் அனுப்பினேன். “ஜெபமணி ஆண்ட்டியே சொல்லுச்சு, நீ இன்னா புதுசா சொல்ற?” என்று அம்மா பேரைச் சொல்லித்தான் பதில் வருகிறது. ஒருத்தி என் நம்பரை எவனாவது திருடிவிட்டானா என்று விசாரிக்கிறாள்.

சசிரேகாவைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்கே போனேன். நான்தான் சாஃப்ட்வேர் ஓனர் என்றேன். செக்யூரிட்டி என் செருப்பைப் பார்த்தார். வேன் நின்றது உண்மை என்று வேன்காரர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வேனின் ஓனர் கன்னியப்பன் அண்ணனிடம் ஓடினேன். வருகிற திங்கட்கிழமை தன் எல்லா வேனிலும் என் சாஃப்ட்வேரைப் போடுவதாக இருந்தவர் அவர்தான். “என் வண்டி நின்னுச்சுன்னு நானே எழுதித் தந்தா எனக்கு காண்ட்ராக்ட் இருக்குமா தம்பி? ஜனம் நம்பிக்கினு கீது, நீ ஏன் கலைக்கிற? கம்முனு இரு. வாயத் தொறந்தே, இருக்கிற வண்டியிலிருந்தும் கழட்டிடுவேன்” என்றார்.

கம்மென்று இருந்தால் எல்லா வேனும் எனக்கு. அதில் எத்தனை சசிரேகா உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பார், அக்கா.

வாயால் பரவியதை வாயால்தான் அடைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். நான் நன்றி சொல்ல வருகிறேன் என்று நினைக்கிறாளா, எல்லாம் தெரிந்துதான் தேய்த்தாளா, தெரியவில்லை.

சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பேன். இந்த மெசேஜை நம்பி யாரும் வேனில் உட்கார்ந்திருக்காதீர்கள் என்பேன். அம்மாவிடம் அப்படிச் சொன்னதே நான்தான், அவள் என்னை நம்பிச் சொல்லிவிட்டாள் என்பேன். அது அப்படி இல்லை என்று உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். சாஃப்ட்வேரை வேறு ஊர் வேனில் போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு இருப்பது சர்ச்சில் அந்த ஒரு பெஞ்சுதான்.

என் பயமெல்லாம், அவளும் எழுந்து, இல்லை நான்தான் சொன்னேன் என்று நின்றுவிடுவாள் என்பதுதான். நான் சொன்னால் கேட்க மாட்டாள். உன் பேச்சைத்தான் கேட்பாள். சனிக்கிழமை மறக்காமல் அவளுக்கு போன் பண்ணு, அக்கா. தம்பி என்ன சொன்னாலும் ஆமென் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருக்கச் சொல்.

உன் தம்பி,
நிர்மல்