ஊர் ஒளியும் நாசி லெமாக் லைவும்

மே 1, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல் வந்து வேறு எங்கோ போய்விட்டது. கேமரா பேட்டரிகளை சார்ஜில் போட்டேன்.

செய்ய வேண்டியவை:
– கோயில் எதிரே டயர் கடை முதலாளியிடம் இண்டர்நெட் ஒயருக்குச் சொல்லி வைக்க
– ஞாயிற்றுக்கிழமைத் தேருக்கு முன்னுரை எழுத
– மைக் பஞ்சு (பழையது பிய்ந்து தொங்குகிறது)
– பிரஷர் மாத்திரை

நேற்று நம் ‘ஊர் ஒளி’ நிகழ்ச்சி இணையத்தில் ஏறியது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி. வெட்டி ஒட்டி இசை சேர்த்ததில் முதுகு போய்விட்டது. பார்த்தவர்கள் 41. அதில் ஆறு தடவை நானே. கேமராமேன் மணியம், செங் வட்டாரத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து இரண்டு தடவை பார்த்ததாகச் சத்தியம் செய்கிறான்.

இன்று காலை பா. கடையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டே போட்ட லைவ்: மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தது மிலோ டின்னில்.

அவள் பெயரை இந்த டைரியில் முழுசாக எழுதுவதாக இல்லை. பா. போதும்.

ஒரு காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஏரியல். அதில் காலியாகக் கிடந்த ஒரு சேனலில் நாங்கள் வந்தோம். ஞாயிறு மாலை. கல்யாணம், கருமாதி, கோயில், பள்ளிக்கூடம். எல்லாரும் பார்த்தார்கள். “வேற வழியில்லாம பாத்தோம்” என்பாள் சரோஜா. கட்டிய நாளிலிருந்து மனைவி இப்படித்தான் பேசுகிறாள். பிறகு டிஜிட்டல் பெட்டி வந்தது. ஏரியலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இணையத்துக்கு வாருங்கள், உலகமே பார்க்கும் என்றார்கள். உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்போது பா. எங்களிடம் ‘வாழ்த்து நேரம்’ வாசித்தவள். பிறந்தநாள், திருமணநாள், யாருக்கு யார் வாழ்த்துச் சொல்கிறார்கள், அத்தை மாமா பெயர்கூட விடாமல். இணையத்துக்கு வந்ததும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். உலகத் தரத்தில் எவனாவது மூன்றாம் மாடி கோமதியின் பேத்திக்கு ஒரு வயது என்று வாசிப்பானா? அவள் சண்டை போடவில்லை. “சரிங்கண்ணே” என்று மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போய் இந்த லைவை ஆரம்பித்தாள்.

மே 2, செவ்வாய்

டயர் கடை முதலாளி சரி என்றார். ஒயர் அவருடையது, ஒயர் நீட்டிப்பு என்னுடையது.

‘ரோஜா மலர்’ என்ற பெயரில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. போன மாதம் தொடங்கியது. பா.வின் லைவுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டலாம் என்றுதான். அப்படி ஒரு பொத்தானே இல்லை. சரி, வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தேன்.

இன்றும் உட்கார்ந்தேன். என்ன பெரிதாகச் செய்கிறாள்? சம்பலைக் கிண்டுகிறாள். இலையைத் துடைக்கிறாள். யார் உள்ளே வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

“வாங்க வாங்க பினாங்கு ராணி அக்கா, பசியாறியாச்சா? மூர்த்தி தம்பி, நைட் ஷிப்டா? போய் படுலா, ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? ஆயர் குரோ கலா, ஒங்க மாமியாரு காலு எப்படி இருக்கு?”

தலைமுறையாக மலாயே பேசும் மலாக்கா சிட்டித் தமிழர் வீட்டு ஆள் யாராவது வந்தால் உடனே மலாய்: “சுடா மாக்கான் கா?” அவர்களையும் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. முன்னுரை இல்லை, பின்னுரை இல்லை, இலக்கணம் அறவே இல்லை.

அப்புறம் திடீரென்று: “ரோஜா மலர், வந்துட்டீங்களா? இன்னிக்கு சத்தமே காணோம். பசியாறியாச்சா?”

காது சூடாகிவிட்டது. பசியாறவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போனேன். அடுப்படியில் சரோஜா தன் ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே குரல் அங்கேயும்.

“ஊர் ஒளி பாத்தியா?” என்று கேட்டேன்.

“நேரம் கெடச்சா பாக்குறேங்க.”

மே 3, புதன்

கோயில் கமிட்டிக் கூட்டம். தேரை யார் நேரலை செய்வது, நானா பா.வா? கோயிலுக்கென்று பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவருடைய படத்தைத்தான் போடுவார்களாம். இந்த வருஷம் யாரோ, இனிமேல் எப்போதும் அவர்தான்.

தேர் எங்களுடையது. தெருவுக்கு நாலு பேர் கேமரா வாங்காத காலத்திலிருந்து எங்களுடையது. டயர் கடை மாடி பால்கனியில் நின்றால் தேர் திரும்புவது முழுசாகக் கிடைக்கும். அந்த இடத்தில் என் ஸ்டாண்டின் மூன்று கால் தடமும் இருக்கிறது. இதுவும் போனால் ஊர் ஒளிக்கு ஊதுபத்தி ஏற்றிவிடலாம்.

தலைவர் நெளிந்தார். “அண்ணே, நீங்க மூத்தவரு, இல்லங்கல. ஆனா இப்ப ஜனங்க யார பாக்குறாங்கன்னு ஒன்னு இருக்குல்ல?”

வெள்ளிக்கிழமை சொல்கிறார்களாம். மணியம் வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். பாதி வழியில் அவன் ஃபோனில் பா.வின் குரல். தானாகத் திறந்துகொண்டதாம்.

மே 4, வியாழன்

வெயில். வேட்டி வாங்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு. எப்போதும் போகும் ஜவுளிக் கடை. கல்லாவுக்கு மேலே இருக்கும் டிவியில் நம் நிகழ்ச்சிதான் ஓடும். பென்டிரைவில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இன்று டிவி முழுக்க அவள் முகம். அவித்த முட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரர் வேட்டியை மடித்தபடியே சொன்னார்: “கஸ்டமரு கேக்குறாங்கண்ணே. ஒங்களுத போட்டா கட கொஞ்சம் அமைதியாயிருது.”

மைக் பஞ்சு கிடைக்கவில்லை. வேட்டி கரை பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கிவிட்டேன். வயிறு எரிகிறது. மோர் குடித்தேன், இது அதற்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. எனக்கு என்ன குறை? உச்சரிப்பு சுத்தம். குரல் நல்ல குரல். லைட் இரண்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு லைட் என்றால் கடைக் குழல்விளக்கு, அதுவும் கண் சிமிட்டுகிறது.

மே 5, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் அவள் லைவ். நேற்றைய கோபம் அப்படியே இருந்தது. ரோஜா மலர் இதைச் சொல்லட்டும் என்று தட்டினேன்: ‘இது ஒளிபரப்பா, சந்தைக் கடையா? நேயர்களுக்கு ஒரு தரம் வேண்டாமா? அடுப்படிப் பேச்சை அடுப்படியில் வைத்துக்கொள்ளவும்.’ அனுப்பினேன்.

போன பிறகுதான் மேலே பார்த்தேன். பெயர்: ஊர் ஒளி. பக்கத்தில் என் படம், கோட்டு போட்டு எடுத்தது. முந்தின இரவு நம் பக்கத்தைத் திறந்துவிட்டு வெளியே வர மறந்திருக்கிறேன். அழிக்கும் பொத்தானைத் தேடினேன். அதற்குள் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“ஐயோ, யாரு வந்திருக்காங்க பாருங்க! நம்ம ஊர் ஒளி அண்ணன்!” கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உரக்க வாசித்தாள். முழுசாக. நிறுத்தற்குறி வரும் இடத்தில் சரியாக நிறுத்தி வாசித்தாள். நான் சொல்லிக்கொடுத்தது.

“அண்ணன் சொல்றது சரிதான். நான் கடையிலதானே நிக்கிறேன்! திருத்திக்கிறேன்ணே. நீங்க பசியாறியாச்சா?”

கீழே சிரிப்பு முகங்கள் ஏறிக்கொண்டே போயின. அடுப்படியில் சரோஜாவின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. வந்து எட்டிப் பார்த்தாள். “நல்லாவா இருக்கு?” என்றாள். இட்லியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலை கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சிட்டி வீட்டுக்காரர், தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் போகமாட்டார். வாசலிலேயே சொன்னார்: “லு ஆத்தாஸ், டியா பாவா. ஹாபிஸ் செரித்தா.” நீ மேலே, அவள் கீழே, கதை முடிந்தது. கோயில் பக்கத்தில் என் படம்தான்.

ஜெயித்துவிட்டேன்! அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். காப்பி குடிக்கும்போது மிச்சத்தையும் சொன்னார். பா. தானே வந்து தலைவரிடம் கேட்டுக்கொண்டாளாம், மாடி அண்ணனுக்கே இருக்கட்டும், நான் ஜனங்களோட கீழ நின்னுக்கிறேன் என்று.

திட்டியிருக்கலாம் அவள். திட்டியிருந்தால் இன்று நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

மே 6, சனி

மழை, விட்டு விட்டு. ஒயர் இழுத்தாயிற்று. செருகும் இடம் கொஞ்சம் லூஸ், டேப் சுற்றினேன். முன்னுரை ஒத்திகை. ‘வரலாற்றுப் புகழ் வாய்ந்த மலாக்கா மாநகரின் காஜா பெராங் வட்டாரத்தில் எழுந்தருளி அருள்பாலிக்கும்…’

சரோஜா வேட்டியை அயர்ன் செய்துகொண்டு கேட்டாள்: “தேரு திரும்புறதுக்குள்ள முடிஞ்சிருமா?”

வேட்டியைத் திருப்பிப் போட்டு, என்னைப் பார்க்காமலே: “எங்கம்மா கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவங்க பொறந்தநாள ஒங்க டிவியில பாக்கியம் வாசிச்சா. ஞாபகம் இருக்கா? நான் போயி சொன்னதும், எம்பேரு வந்துச்சின்னு நர்ஸுங்ககிட்டயெல்லாம் சொன்னாங்க.”

ஞாபகம் இல்லை. அன்று லைட் சரியில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

மே 8, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கை வலி.

மாலை ஏழு மணிக்குத் தேர் கிளம்பியது. தூறல். தெரு கொள்ளாத கூட்டம். பால்கனியில் நான், மணியம், இரண்டு லைட், மைக். கீழே பா., குடைக்குள் ஃபோனை நீட்டிக்கொண்டு. எனக்கு 60 பேர். அவளுக்கு ஐயாயிரம். டயர் கடை வைஃபையில் அவள் லைவையும் ஒரு ஃபோனில் திறந்து வைத்திருந்தேன். ரோஜா மலராகத்தான்.

தேர் மூலையை நெருங்கும்போது அவள் படம் நின்றது. அவ்வளவு ஜனமும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தால் லைன் தாங்குமா? வாய் பாதி திறந்தபடி அவள் முகம், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒயர். என் படம் கண்ணாடி போல் ஓடுகிறது.

சந்தோஷம். ஏன் மறைக்க வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம்.

அவளுடைய ஆட்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். முந்நூறு. தொள்ளாயிரம். மூவாயிரம்! மணியம் கேமராவை விட்டுவிட்டு என் தோளை உலுக்கினான். முன்னுரையைத் தொடங்கினேன். ‘வரலாற்றுப் புகழ் வாய்ந்த…’

கீழே எழுத்துகள் ஓடின. பாக்கியம் அக்கா எங்க? அக்காவ காணோமே. இவரு யாரு? அண்ணே, கொஞ்சம் நகருங்க, தேரு தெரியல.

எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. இரண்டாயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து நானூறு. முன்னுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்: “பினாங்கு ராணி அவர்களே, உணவு அருந்திவிட்டீர்களா?”

சிரிப்பு முகம், சிரிப்பு முகம், சிரிப்பு முகம். ஆயிரத்து எழுநூறு.

தேர் திரும்புகிற நேரம். எட்டிப் பார்த்தேன். நனைந்த ஃபோனைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்தினேன்: “பாக்கியம்! ஏ பாக்கியம்! மேல வா!”

வந்தாள். மூச்சு வாங்கியது. மைக்கைக் கொடுத்தேன். வாங்கின வேகத்தில் கால் பட்டு ஒயர் ஆடியது, படம் துடித்தது. டேப் கழன்றுவிட்டது. குனிந்து செருகிப் பிடித்தேன், நிற்கிறது. கையை எடுத்தால் போகிறது. எடுக்கவில்லை.

“வந்துட்டேன், வந்துட்டேன்! ராணி அக்கா, இருக்கீங்களா? பாருங்க, ஆத்தா திரும்புறா பாருங்க, எல்லாரும் நல்லா கும்பிட்டுக்குங்க. கலா, ஒங்க மாமியார எழுப்பி உக்கார வைங்க. மூர்த்தி தம்பி, நீ லீவு போட்டுட்டு நேர்லயே நிக்கிறியா, மேலேருந்து தெரியுதுலா!”

பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில், என் பக்கம் திரும்பாமல்: “ரோஜா மலர் இன்னிக்கு எழுத மாட்டாங்க. அவங்க கையில வேல இருக்கு.”

ஒயரை விடவில்லை. விட்டிருக்கலாம். ஒரு நொடி அதுவும் தோன்றியது.

ஆறாயிரத்துக்கு மேல் போனதாம். ஊர் ஒளி கண்டதிலேயே அதிகம். தலைவர் கீழேயிருந்து கட்டைவிரல் காட்டினார். யாருக்கு என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சரோஜா தைலம் எடுத்து வந்து கையை நீவினாள். “நல்லா இருந்துச்சுங்க” என்றாள். காத்திருந்தேன். “பாக்கியம் வந்ததுக்கு அப்புறம்.”

காலையில் எழுந்ததும் அதே படத்தைத் திறந்தேன். எல்லாரும் அவளைத்தான் எழுதியிருக்கிறார்கள். அக்கா சூப்பர். அக்கா நூறு வருஷம் நல்லா இருக்கணும். இன்னும் எரிகிறது, அது போகவில்லை. கீழே போய்க்கொண்டே இருந்தேன். ராணி அக்காவின் எழுத்து ஒன்று:

‘பாக்கியம், ஒன் கால் பக்கத்துல ஒயர புடிச்சிக்கிட்டு குனிஞ்சே இருந்தாரே, அந்த அண்ணன் யாரு? பாவம். பசியாறினாரா?’

திறந்திருந்தது ரோஜா மலர் கணக்கு. வெளியே வந்தேன். என் சொந்தப் பெயரில் நுழைந்தேன், கடவுச்சொல் இரண்டு தடவை தப்பு. பதில் போட்டேன்.

இன்னும் இல்லைங்க அக்கா.