மயில்சாமி உட்கார்ந்த நாற்காலி

10.7.1996

ஐந்தாம் வகுப்பில் இன்று பிரம்பு முறிந்தது. வாய்ப்பாடு தெரியாதவனை அடித்தேன், தெரிந்தவனையும் அடித்தேன். கோபம் அவர்கள் மேல் இல்லை. கிராமக் கல்விக் குழு அமைக்கச் சொல்லி ஆர்டர் வந்து ஒரு மாதமாகிறது. "ஊர்ப் பெரியவங்க போதுமே கண்ணு, காலனி ஆளு எதுக்கு?" என்கிறார் தம்பிதுரை மாமா. எனக்குச் சொந்தம், பெரிய தோட்டக்காரர், பள்ளிச் சுவருக்குச் செங்கல் தந்தவர். இங்கே படிப்பதில் பாதி காலனிப் பிள்ளைகள். காலனி மயில்சாமி பெயரை எழுதிவிட்டேன். மாமா தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர். எட்டாவது வரை படித்தவர்.

15.7.1996

முதல் கூட்டம். ஏழு நாற்காலி, ஆறு பேர் உட்கார்ந்தோம். மயில்சாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். "நான் நின்னுக்கறேனுங்க டீச்சர்." எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. வகுப்பில் கத்துவதுபோலவே கத்தினேன். "உள்ள வந்து உக்காருங்க. இல்லீன்னா குழுவே வேண்டாம், போங்க!"

உட்கார்ந்தார். கக்கூஸ் இல்லாமல் பெண் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள் என்று அவர்தான் முதலில் பேசினார். மாமா டீயை முழுசாகக் குடித்துவிட்டுச் சிரித்தார். ஜெயித்துவிட்டேன்.

16.7.1996

பிரேயர் முடியவில்லை, மாமாவும் மகன் கிருபாசங்கரும் மயில்சாமியை டிராக்டர் கயிற்றில் கட்டி இழுத்து வந்து கொடிக்கம்பத்தடியில் போட்டார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கிருபாசங்கர் அவர் வலது கையைப் படிக்கல்லில் வைத்து மிதித்துக்கொண்டு, கடப்பாரையால் — எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியைக் கோடாலியால் பிளந்தார்கள். ஒண்ணாவது பிள்ளைகள் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டார்கள்.

நான் கத்தினேனா? கத்தினேன். குறுக்கே விழுந்தேன். தூக்கி ஓரமாக விட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் சாதிப் பெண்ணல்லவா நான், ஒரு அடி விழவில்லை. அதுதான் அசிங்கம்.

18.7.1996

மாமா வீட்டுக்கு வந்தார். "போலீஸ்ல ஒண்ணும் பாக்கலீன்னு சொல்லிப்போடு அம்மணி. அவன உக்காரச் சொன்னது நீயி. கைய முறிச்சதும் நீதான்."

தண்ணீர்ச் செம்பை அவர் மூஞ்சியில் எறிந்தேன். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. இன்னொரு செம்பு கையில் இருந்திருந்தால் அதையும் எறிந்திருப்பேன்.

ஆனா அவரு சொன்னதுல பாதி நெசந்தானே? கூப்பிட்டது நானு. அடி வாங்குனது மயில்சாமி.

19.7.1996

ஸ்டேஷனில் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் பெயரையும்.

20.7.1996

வீட்டு ஓடு முழுக்கக் கல். எனக்கு மண்டையில் நான்கு தையல். வலித்தது நல்லதாக இருந்தது.

3.8.1996

காலனிப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. மயில்சாமியின் மனைவி பழனியாத்தாளைப் பார்க்கப் போனேன். "உங்க ஸ்கூலுக்கு இன்னும் என்னத்த முறிக்கோணுங்க டீச்சர்?" நின்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

16.9.1996

ஊர்ப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர் டி.சி. வாங்கிக்கொண்டு காரமடைப் பள்ளிக்கு வேனில் போகிறார்கள். மாமாவும் மகனும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். எனக்கு மாறுதல், மாதக் கடைசியில். பிரம்பு அப்புறம் வாங்கவேயில்லை.

இன்று இரண்டாம் கூட்டம். ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தேன். மயில்சாமி வந்தார், பின்னால் பழனியாத்தாள், அவள் பின்னால் காலனிப் பிள்ளைகள். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பயம். அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கை மடங்கவில்லை. கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினேன், தள்ளி வைத்துவிட்டார். கூட்ட நோட்டில் இடது கையால் பெயரெழுத ரொம்ப நேரம் ஆனது.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: "கக்கூசு எப்பங்க கட்டறது?"